எழுதிக் கொடுத்தவர்களின் பேனா

(அம்பாங்கானில் நடைபெற்ற பொன்விழாக் குடும்ப நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஐம்பதாம் ஆண்டு விழாவில் பேச எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்கின்றன. கல்வி நிதி இருக்கிறது, மையத்து நிதி இருக்கிறது, பிள்ளைகளின் திருமணம் இருக்கிறது. அவற்றையெல்லாம் பேசத் தகுதியுள்ளவர்கள் பேசிவிட்டார்கள். எங்களைப் பழைய பேனாக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேனாவைப் பற்றி என்ன பேசுவது என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். கொஞ்ச நேரம் கேளுங்கள், பிறகு சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

நாங்கள் ஐந்து பேர். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒருவர் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர், மற்றவர்கள் வியாபாரிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்காருவோம். யாராவது கொடுத்த பழைய ஊற்றுப்பேனாவைப் பிரிப்போம், கழுவுவோம், மறுபடியும் எழுத வைப்போம். இதுதான் எங்கள் வேலை. இதற்குக் கூலி வாங்குவதில்லை. பேனாவோடு வரும் கதையை மட்டும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம்.

முதலில் பேனாவுக்கும் நமக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறோம். திருக்குர்ஆனின் 68-ஆவது அத்தியாயத்தின் பெயர் அல்-கலம், அதாவது எழுதுகோல். முதன்முதலாக இறங்கிய வசனங்களிலேயே எழுதுகோலைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. இது மதரஸா பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் மையைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் பேனாவைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றும் முஸ்லிம்களின் வரலாற்றில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பத்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவை ஆண்டு, பிறகு கெய்ரோவுக்குப் போன பாத்திமிய கலீபா அல்-முஇஸ், கையையும் உடையையும் கறையாக்காத பேனா ஒன்று வேண்டும் என்று கேட்டார். மைக்கூட்டில் தோய்க்காமலே அது எழுத வேண்டும், தலைகீழாகப் பிடித்தாலும் சிந்தக் கூடாது என்றார். சில நாட்களில் கைவினைஞர் தங்கத்தில் ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். முதலில் மை சற்று அதிகமாக இறங்கியது, அதையும் சரி செய்யச் சொன்னார் கலீபா. அவருடைய நீதிபதியாக இருந்த காழி அந்-நுஃமான் இதை எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தக் கைவினைஞரின் பாடு எங்களுக்குப் புரிகிறது. மை அதிகமாக இறங்குவதுதான் இன்றைக்கும் எங்களிடம் வரும் பேனாக்களின் முதல் வியாதி.

நாம் இன்று ஊற்றுப்பேனா என்று சொல்வது அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மன் 1884-இல் காப்புரிமை பெற்ற பிறகு பரவியது. மை வெளியே போகும்போது அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று சரியாக வராவிட்டால் பேனா எழுதாது, அதிகமாக வந்தால் மை கொட்டிவிடும். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் மெல்லிய கால்வாய்களை வெட்டி, இந்தக் கொடுக்கல் வாங்கலை அவர் ஒழுங்கு செய்தார். பிறகு 1908-இல் வால்டர் ஷெஃபர், பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோலைத் தூக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் பை அமுங்கி மையை உறிஞ்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உங்கள் வீட்டில் பழைய பேனா இருந்தால், உடம்பில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இந்த வகை.

ரப்பர் பை என்றோம். இங்கேதான் நெகிரி செம்பிலானில் உள்ள நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்தக் காலத்துப் பேனாவின் பை ரப்பர். பேனாவின் கறுத்த உடம்பும் ரப்பர்தான். ரப்பரோடு கந்தகத்தைக் கொஞ்சம் சேர்த்துச் சூடாக்கினால் இழுபடும், நிறையச் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால் கல்லாகும். அந்தக் கல் ரப்பருக்கு எபோனைட் என்று பெயர். கருங்காலி மரத்தைப் போலக் கறுத்து இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. 1851-இல் நெல்சன் குட்இயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். நாக்கை இதில்தான் வெட்டுவார்கள், ஏனென்றால் மை அதன் மேல் நன்றாகப் பிடித்து ஓடும்.

பிரேசில் காட்டு விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அதிலிருந்து நாற்பது ஆண்டுகள் ஆவதற்குள் மலாயா முழுவதும் பால்மரம் நின்றது. 1920 வாக்கில் உலகத்து ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போனது. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டி, மங்கில் இறங்கிய பாலை வாளியில் எடுத்து, ஸ்டோருக்குக் காண்டாவில் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ச் சனங்கள். சிரம்பானைச் சுற்றி இருந்த தோட்டங்களிலும் அப்படித்தான். அந்தப் பால் கட்டியாகி, ஷீட்டாகி, புகைபோட்டு, கப்பலேறி, அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போனது. அதில் ஒரு துளி பேனாவாகவும் பைகளாகவும் மாறியிருக்கும். அந்தப் பேனா மறுபடி கப்பலேறி வந்து கிராணியார் சட்டைப் பையில் உட்கார்ந்தது. பால் எடுத்தவர் அதைத் தொட்டதில்லை. அவர் தொட்டது மைப்பெட்டியை மட்டும், அதுவும் கட்டைவிரலால்.

இதை ஒளிக்காமல் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். பழைய பேனா என்றதும் அழகு, பெருமை என்றே பேசுகிறோம். அந்தப் பேனாவுக்கு அதிகாரம் இருந்தது. செக்ரோலில் அது பேர் போட்டால் அன்றைக்குச் சம்பளம், போடாவிட்டால் இல்லை. முழு நாளா அரை நாளா என்பது அதன் முனையில் இருந்தது. நம்முடைய முன்னோர்கள் பலர் தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்தவர்கள். அந்தக் கடைகளிலும் பற்றுப் புத்தகம் இருந்தது. அதில் எழுதியவர் நம் ஆள், கடன்பட்டவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் அல்-பகரா அத்தியாயத்தில் 282-ஆவது வசனம். குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான். எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது, கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் கட்டளை இருக்கிறது. கடன்பட்டவர் சொல்ல, எழுதுபவர் எழுத வேண்டும் என்ற முறையை யோசித்துப் பாருங்கள். எழுத்துத் தெரிந்தவன் கை ஓங்கிவிடக் கூடாது என்பதற்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு அது! எல்லாக் கடையிலும் அப்படி நடந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நடந்த கடைகளை ஊர் இன்னும் பேர் சொல்லிப் பேசுகிறது. நடக்காத கடைகளையும் பேசத்தான் செய்கிறது.

அதே கடைக்காரர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். சம்பள நாளுக்கு மறுநாள் கடைப் பலகையில் உட்கார்ந்து, இராமநாதபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் சேலத்துக்கும் கடிதம் எழுதி, மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுத்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எழுதச் சொல்ல வந்தவர்களில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, கிறிஸ்தவர் உண்டு. மகள் பெரியவளானது, மாடு செத்தது, புருஷன் இன்னொருத்தியோடு இருப்பது எல்லாம் அந்தப் பேனா வழியாகத்தான் போனது. பதில் வந்தால் படித்துச் சொன்னவரும் அவரே. ஒரு தோட்டத்துக் குடும்பங்களின் இரகசியம் முழுவதும் ஒரு மனிதர் நெஞ்சில் இருந்தது. அதை அவர் வெளியே விடவில்லை. நம் பேச்சில் அதற்கு அமானிதம் என்று ஒரு சொல் இருக்கிறது. பணத்தை நம்பி ஒப்படைப்பது மட்டும் அமானிதம் அல்ல, சொல்லை நம்பி ஒப்படைப்பதும் அமானிதம்தான்.

நாடு 1957-இல் சுதந்திரம் அடைந்த பிறகு இந்த வேலையின் எடை இன்னும் கூடியது. குடியுரிமைக்கு மனு எழுத வேண்டியிருந்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, பெர்மிட் கிடைக்காத எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறின. பிறந்த தேதி, பிறந்த இடம், அப்பா பெயர் ஆகியவற்றைச் சரியாக எழுதிக் கொடுக்க ஓர் ஆள் கிடைத்தாரா என்பது அந்த நாட்களில் சின்ன விஷயம் இல்லை. இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் சில குடும்பங்கள் இங்கே உட்கார்ந்திருப்பதற்கு யாரோ ஒருவர் பொறுமையாக நிரப்பிக் கொடுத்த பாரமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தப் பேனாக்கள் இப்போது எங்கே இருக்கின்றன? அலமாரியில், பழைய பிஸ்கட் டின்னில், உம்மாவின் நகைப் பெட்டிக்கு அடியில். சில போய்விட்டன. பழைய பேனாக்களின் நிப்பு பெரும்பாலும் 14 காரட் தங்கம். அந்தக் கால மையில் அமிலம் உண்டு, எஃகு நிப்பை அது அரித்துவிடும் என்பதால் தங்கத்தில் செய்தார்கள். தங்கம் விலை ஏற ஏற, பேனாவை வாங்கி நிப்பைக் கழற்றி உருக்கிவிட்டு உடம்பைக் குப்பையில் போடுகிறார்கள். ஒரு நிப்பில் இருக்கும் தங்கம் மிகக் கொஞ்சம், ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். அதற்காக ஒரு மனிதர் நாற்பது வருஷம் எழுதிய கருவி அழிகிறது. எங்களிடம் நிப்பு இல்லாத உடம்பு மட்டும் வந்த பேனாக்கள் பல. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம்.

ஆகவே, வீட்டில் பேனா இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறோம். தயவு செய்து மனதில் வையுங்கள்.

முதலாவது, நெம்புகோலைத் தூக்கிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பை முப்பது நாற்பது ஆண்டில் கருவாடு மாதிரி விறைத்திருக்கும், அல்லது தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். பலவந்தமாகத் தூக்கினால் நெம்புகோல் ஒடியும், உடம்பும் வெடிக்கும்.

இரண்டாவது, இடுக்கி போட்டுத் திருகாதீர்கள், அடுப்பிலோ மெழுகுவத்தியிலோ காட்டாதீர்கள். 1920-களுக்குப் பிறகு வந்த வண்ண வண்ணப் பேனாக்கள் பல செல்லுலாய்டு. அது குப்பென்று பற்றிக்கொள்ளும். நாங்கள் மிதமான வெப்பக் காற்றில் காட்டி, கையால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத் திறப்போம். ஒரு பேனா திறக்க மூன்று ஞாயிறு ஆனதுண்டு.

மூன்றாவது, கறுப்புப் பேனாவை முழுவதுமாகத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். எபோனைட் வெயிலும் ஈரமும் பட்டால் பழுப்பாகிவிடும், பிறகு பழைய கறுப்பு எளிதில் திரும்பாது. நிப்பும் நாக்கும் உள்ள முன்பகுதியை மட்டும், பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, முனை நனையும் அளவுக்கு வையுங்கள். காய்ந்த மை நூலாக இறங்குவதைப் பார்க்கலாம். ஸ்பிரிட்டு, தின்னர் எதுவும் வேண்டாம். செல்லுலாய்டை அவை கரைக்கும்.

பையை மாற்றுவது எங்கள் வேலை. பழைய பையைச் சுரண்டி எடுத்து, கழுத்தின் அளவு பார்த்து, புதிய ரப்பர் பையை வெட்டிப் பொருத்துவோம். பையின் அளவை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 16-ஆம் எண் பை என்றால் கால் அங்குலம். ஒட்டுவதற்கு அரக்கு. இன்றைய பலமான பசைகளை நாங்கள் தொடுவதில்லை. அரக்கு பிடித்து நிற்கும், அடுத்த தலைமுறையில் இன்னொருவர் பை மாற்ற வேண்டும் என்றால் லேசான சூட்டில் விட்டுக் கொடுக்கும். நாளைக்கு வருகிறவனுக்கு வழி விட்டுச் செய்வதுதான் நல்ல பழுது என்று எங்களில் மூத்தவர் சொல்வார்.

பார்க்கர் 51 என்ற பேனாவைப் பலர் கொண்டுவருகிறார்கள். 1941-இல் வந்தது. நிப்பு வெளியே தெரியாமல் மூக்கு மூடியிருக்கும், அதனால் மை சீக்கிரம் காயாது. 1948-க்குப் பிறகு வந்தவற்றில் பை ரப்பர் இல்லை, ஒரு வகைப் பிளாஸ்டிக். கழுவினாலே பல பேனாக்கள் எழுதிவிடுகின்றன. ஷாங்காயிலிருந்து வந்த ஹீரோ பேனாவும் நிறைய வருகிறது. நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் வைத்திருந்தோம். விலை மலிவான பேனா என்று அதைத் தள்ளாதீர்கள். பேனாவின் மதிப்பு அதை வைத்திருந்தவரில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பேனாக்களும் உண்டு. சென்னை பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்ட் கோ கடையின் காமா பேனாவும், திருவள்ளூரில் கையால் கடைந்து செய்யும் ரங்கா பேனாவும் பேனாப் பிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். ஆந்திராவில் ராஜமுந்திரியில் பொற்கொல்லராக இருந்த இரத்தினம், காந்தியடிகள் சொன்னதைக் கேட்டு உள்நாட்டிலேயே பேனா செய்தார். அதை வாங்கி எழுதிப் பார்த்த காந்தி 1935-இல் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். இந்தப் பேனாக்கள் பலவற்றில் பை கிடையாது. உடம்புக்குள்ளேயே சொட்டுக்குழாயால் மை ஊற்ற வேண்டியதுதான். பழுதாவதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை.

எங்களுக்குள் ஒரு விவாதம் இன்னும் தீரவில்லை. அதையும் உங்கள் முன் வைக்கிறோம். ஒருவர் தன் வாப்பாவின் பேனாவைக் கொண்டுவந்தார். மூடியின் மேல் முழுவதும் பல் பட்ட தடம். யோசிக்கும்போது வாப்பா கடித்துக்கொண்டே இருப்பாராம். தேய்த்து மெருகேற்றினால் புதுப் பேனா மாதிரி ஆகிவிடும். எங்களில் இருவர் தேய்க்கலாம் என்றார்கள், மூவர் கூடாது என்றோம். கொண்டுவந்தவரையே கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் மூடியைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். நாங்கள் பையை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். எழுதுவதற்கு வேண்டியதைச் செய்வது, எழுதியவரின் தடத்தைத் தொடாமல் விடுவது என்று அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தேய்க்கலாம் என்ற இருவரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கறையை விட்டால் உலோகம் அரிக்கும், விரிசலை விட்டால் பெரிதாகும்.

இன்னொரு குறையும் எங்கள் நோட்டில் தெரிகிறது. வந்த பேனாக்கள் எல்லாம் ஆண்களுடையவை. வாப்பா பேனா, நன்னா பேனா, கிராணியார் பேனா. உம்மாவின் பேனா என்று ஒன்றுகூட வரவில்லை. பெண்களுக்கென்றே சிறியதாக, தலையில் வளையம் வைத்து, சங்கிலியில் கோர்த்து மாட்டிக்கொள்ளும் பேனாக்கள் 1920-களில் வெளிநாட்டில் வந்திருக்கின்றன. நம் வீடுகளில் எழுதிய பெண்கள் இல்லாமலா போனார்கள்? அரபுத் தமிழில் எழுதியவர்கள், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர்கள், கணக்குப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எதைக் கொண்டு எழுதினார்கள்? தாய்மார்கள் வீட்டில் தேடிப் பாருங்கள். பேனா கிடைக்காவிட்டால் பரவாயில்லை, எழுதிய தாள் கிடைத்தாலும் கொண்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கைப்பேசி இருக்கிறது, அதில் தமிழும் இருக்கிறது, நல்லதுதான். நாங்கள் அதை விடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பாட்டனார் கையெழுத்தை உங்களால் படிக்க முடிகிறதா என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால், அவர் எழுதிக் கொடுத்த எத்தனையோ பேரின் இடத்தில் இன்று நீங்கள் நிற்கிறீர்கள். உங்களுக்குப் படித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் வீட்டில் இருக்கும்போதே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். பொன்விழாவின் நினைவாக, நம் குடும்பங்களில் இருக்கும் பேனாக்களின் பட்டியல் ஒன்றைச் சங்கத்தில் வைக்க விரும்புகிறோம். பேனாவைச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அது உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். யாருடைய பேனா, எந்தத் தோட்டம் அல்லது எந்தக் கடை, எதை எழுதினார், யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்ற நாலு விவரம் போதும். அவர் எழுதிக் கொடுத்த கடிதங்களின் விஷயம் வேண்டாம். அவர் காத்த அமானிதத்தை நாமும் காக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பலருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. பேனாவுக்குப் பை மாற்றலாம், அவர்கள் போன பிறகு அந்த விவரத்தை யாரிடம் கேட்பது? ஆகவே இந்த மாதமே கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு மண்டபத்தின் பின்கட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம், இன்ஷா அல்லாஹ். பேனாவோடு வாருங்கள். நெம்புகோலை மட்டும் தூக்காமல் வாருங்கள்.